உழவு இயந்திரத்தின் பின்னச்சில் எண்ணெய்க் கசிவு: ஒயில் சீல் மாற்றுமுன் எண்ணெயை வடித்தெடுக்கும் முறை

உழவு மாட்டின் காலில் முள் தைத்தால் கமக்காரர் அன்றே அதைக் கவனிப்பர். உழவு இயந்திரத்தின் பின்சில்லின் உட்புறத்தில் எண்ணெய் ஈரம் படிந்திருந்தாலோ, போகம் முடியட்டும் என்று விட்டுவிடுபவர் பலர். அந்த ஈரம் சில நாட்களில் தடுப்பினுள் இறங்கிவிடும். நெல் மூடைகளோடும் அவற்றின் மீது அமர்ந்த ஆட்களோடும் பெட்டியை இழுத்துக்கொண்டு குளக்கட்டிலிருந்து இறங்கும்போது பிறேக் பிடியாது போனால், ஏற்படும் இழப்பு எண்ணெயோடு நில்லாது. ஆகவே பின்னச்சின் எண்ணெய்க் கசிவு எவ்வாறு உண்டாகின்றது, ஒயில் சீல் மாற்றுமுன் உள்ளேயுள்ள எண்ணெயை வடிக்கவேண்டுவது ஏன், அதனை எவ்வாறு செய்தல் வேண்டும் என்பவற்றை ஒவ்வொரு கமக்காரரும் அறிந்திருத்தல் நன்று.

பின்னச்சின் அமைப்பு

எஞ்சினின் வலு கியர்ப் பெட்டியைக் கடந்து, பின்னச்சின் நடுவேயுள்ள டிபரன்சியல் என்னும் பற்சில்லுத் தொகுதியை அடைகின்றது. இயந்திரம் வளைவிலே திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு கூடிய தூரத்தையும் உட்பக்கச் சில்லு குறைந்த தூரத்தையும் கடக்க வேண்டியிருக்கின்றது. இவ்விரு சில்லுகளும் வெவ்வேறு வேகத்திற் சுழல இடங்கொடுப்பதே டிபரன்சியலின் தொழில். அதன் இரு பக்கங்களிலிருந்தும் இரண்டு அச்சுத் தண்டுகள் இரும்புக் குழாய் போன்ற உறைகளினூடே சென்று சில்லுகளைச் சுழற்றுகின்றன.

இப்பற்சில்லுகள் எண்ணெயிலே தோய்ந்து சுழல்பவை. பெரிய பற்சில்லு சுழலும்போது எண்ணெயை வாரி எறிகின்றது. அவ்வெண்ணெய் அச்சுத் தண்டு வழியே வெளிப்புறம் நோக்கி ஓடும். அதனை மறித்து நிறுத்துவதே ஒயில் சீல். வெளியே உலோக வளையமும், உள்ளே தண்டைத் தழுவி நிற்கும் றப்பர் இதழும், அவ்விதழை இறுக்கிப் பிடிக்கும் மெல்லிய சுருள்வில்லும் சேர்ந்ததே அது. கைக்கு அடக்கமான இவ்வளையம் எண்ணெயை உள்ளேயும் சேற்றையும் நீரையும் வெளியேயும் வைத்திருக்கின்றது.

இலங்கையின் வயல்களில் நீண்ட காலமாக உழைத்துவரும் மாசி பேர்குசன் 35, 1964இல் வெளிவந்த 135 ஆகிய இயந்திரங்களில் கியர்ப் பெட்டி, டிபரன்சியல், ஹைட்ரோலிக் தூக்கி ஆகிய மூன்றும் ஒரே எண்ணெயைப் பயன்படுத்துகின்றன. அதன் அளவு ஏறத்தாழ 30 லீற்றர். பிறேக் உருளைகள் அச்சின் வெளி நுனிகளிலே, சில்லுகளை அடுத்து உள்ளன. எனவே இவ்வியந்திரங்களில் ஒயில் சீல் பழுதடைந்தால் எண்ணெய் முதலில் நனைப்பது பிறேக் லைனிங்கையே ஆகும்.

கசிவின் அறிகுறிகள்

1. பின்சில்லின் உட்புறத்திலும், பிறேக் உருளையின் பின்தகட்டின் கீழ் ஓரத்திலும் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கரிய பசையாகப் படிதல்.

2. ஒரு பக்கப் பிறேக் மட்டும் வலுவிழத்தல். வயலிலே இடப்பக்க மிதியையும் வலப்பக்க மிதியையும் தனித்தனியே மிதிப்பதால் இது புலப்படாமற் போகலாம். வீதியிலே இரு மிதிகளையும் கொளுவி மிதிக்கும்போது, இயந்திரம் பிறேக் பிடிக்கும் பக்கத்திற்கு வெட்டி இழுக்கும்.

3. ஹைட்ரோலிக் தூக்கி கலப்பையை மெதுவாகவோ நடுங்கியோ உயர்த்துதல். பொது எண்ணெயின் மட்டம் குறைந்தமைக்கு இதுவும் ஓர் அடையாளம்.

சீல் கெடுவதற்கான காரணங்கள்

பழைய சீலினைக் கழற்றிப் புதியதை இட்டவர் அடுத்த போகத்திலேயே மீண்டும் கசிவைக் காண்பதுண்டு. காரணத்தைத் தேடாது விட்டமையே இதற்குக் காரணம். கீழ்வருவனவற்றை நோக்குதல் வேண்டும்.

முதலாவது, காற்றுத் துளை அடைபடுதல். இயந்திரம் வேலை செய்யும்போது உள்ளேயுள்ள எண்ணெயும் காற்றும் சூடேறி விரிகின்றன. விரிந்த காற்று வெளியேறுவதற்கெனச் சிறு துளை ஒன்று உண்டு. அது சேற்றால் அடைபட்டால், உள்ளே அழுத்தம் மிகுந்து எண்ணெய் சீலின் இதழைத் தள்ளிக்கொண்டு வெளிவரும்.

இரண்டாவது, எண்ணெயை மட்டத்திற்கு மேல் ஊற்றுதல். கூடுதலாக ஊற்றினால் நன்மை என்று எண்ணுவது தவறு.

மூன்றாவது, பெயாரிங் தேய்வு. தேய்ந்த பெயாரிங்கில் அச்சுத் தண்டு ஆடும். ஆடும் தண்டை எப்புதிய சீலும் தழுவி நிற்கமாட்டாது.

நான்காவது, தண்டிலே விழுந்த வரி. நெடுங்காலம் ஒரே இடத்தில் உரசியதால் தண்டில் வளையமாகப் பள்ளம் விழுந்திருக்கும். நகத்தால் தடவினால் அது தடைபட்டு உணரப்படும்.

ஐந்தாவது, சேற்று நீர். சூடேறிய அச்சுறை வயல் நீரில் அமிழும்போது உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். அச்சமயம் தேய்ந்த சீல் வழியாகவோ, நீருள் மூழ்கிய காற்றுத் துளை வழியாகவோ நீர் உள்ளே உறிஞ்சப்படும். எண்ணெய் வெளியேறும் வழி, நீர் உட்புகும் வழியுமாகும். சேற்றுழவு செய்வோர் இதனை மறத்தலாகாது.

எண்ணெயை வடித்தல் இன்றியமையாததா?

எண்ணெயை வடியாமலே சீலினை மாற்றலாம் என்று சிலர் சொல்வதுண்டு. வேலை செய்யும் பக்கத்தை உயர்த்தினால் எண்ணெய் மறுபக்கம் ஓடிவிடும், பின்பு தண்டை உருவினால் சிறிதளவே சிந்தும் என்பது அவர்களது கருத்து. எண்ணெய் மட்டம் சீலிலும் தாழ்ந்து நிற்கும் அமைப்பிலே இது ஒருவாறு உண்மையே. எண்ணெய் அண்மையில் மாற்றப்பட்டு, தெளிந்த நிறத்துடன் இருந்தால், 30 லீற்றரையும் வடிக்க மனம் வராமையும் இயல்பே. எனினும் வயலில் உழைக்கும் இயந்திரத்திற்கு வடித்தலே ஏற்றது. அதற்கு நான்கு நியாயங்கள் உண்டு.

ஒன்று: எண்ணெயை ஒரு பக்கம் ஒதுக்குவதற்காக இயந்திரத்தை வேண்டியதற்கு மேலாகச் சரிக்க நேரும். சரிந்து நிற்கும் இயந்திரத்தின் அருகே அமர்ந்து வேலை செய்வது உயிருக்கு ஆபத்தானது.

இரண்டு: வேலையின் நடுவே வடியும் எண்ணெய் பிறேக் லைனிங்கையும், புதிய சீல் அமரும் இடத்தையும் நனைக்கும். எதனைத் தடுக்க வேலை தொடங்கினோமோ, அதுவே நிகழ்ந்துவிடும்.

மூன்று: பழைய சீலினை நெம்பி எடுக்கும்போது துருவும் மண்ணும் றப்பர்த் துண்டுகளும் உறையினுள் விழுதல் கூடும். எண்ணெய் உள்ளேயே இருந்தால் இவை பற்சில்லுகளைச் சென்றடையும்.

நான்கு, இதுவே முதன்மையானது: சீல் வழியாக நீர் உட்புகுந்ததா என்பதை வடித்துப் பார்த்தாலன்றி அறிய முடியாது. நீர் கலந்த எண்ணெயை உள்ளே விட்டுப் புதிய சீலினால் அடைப்பது, புண்ணைக் கழுவாது கட்டுவதை ஒக்கும். துரு உள்ளே வளரும். பெயாரிங்குகளும் பற்களும் அரிக்கப்படும். எண்ணெய்க்கு ஆகும் செலவைப் பற்சில்லுத் தொகுதிக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் வடிக்கத் தயங்கார்.

வடித்த எண்ணெய் தூயதாக இருந்தால் அதை இழக்க வேண்டியதில்லை. சுத்தமான பாத்திரத்தில் ஏந்தி, புழுதி படாது மூடிவைத்து, மெல்லிய நெருக்கமான துணியில் வடிகட்டி மீண்டும் ஊற்றலாம்.

முன்னேற்பாடுகள்

இவ்வேலைக்கு உகந்த காலம் அறுவடைக்குப் பின்னரும் அடுத்த உழவுக்கு முன்னரும் உள்ள இடைவேளையாகும். புதிய சீலினை வாங்கி வைத்துக்கொண்டே இயந்திரத்தைக் கழற்றுதல் வேண்டும். பல சீல்களின் முகத்திலே மூன்று எண்கள் பதிக்கப்பட்டிருக்கும். அவை முறையே தண்டின் விட்டம், சீல் அமரும் துளையின் விட்டம், சீலின் தடிப்பு ஆகியவற்றை மில்லிமீற்றரிற் குறிப்பன. கடைக்குச் செல்லும்போது இயந்திரத்தின் மாதிரி எண்ணையும் குறித்துச் செல்க.

எண்ணெயின் இனத்தை இயந்திரத்தின் கைந்நூலில் உள்ளவாறே தெரிதல் வேண்டும். ஹைட்ரோலிக் தூக்கிக்கும் கியருக்கும் பொதுவான எண்ணெய் உள்ள இயந்திரத்தில், லொறி டிபரன்சியலுக்கு உரிய தடித்த எண்ணெயைக் கண்டபடி ஊற்றலாகாது.

வடித்தெடுக்கும் முறை

1. பின்னச்சையும் அடிப்பாகத்தையும் நீரூற்றித் தேய்த்துச் சேறு போகக் கழுவி உலரவிடுக. காற்றுத் துளையையும் அப்போதே துப்புரவாக்குக.

2. இயந்திரத்தைச் சிறிது தூரம் ஓட்டி எண்ணெயை இளஞ்சூடாக்குக. இளஞ்சூடான எண்ணெய் விரைந்து வடியும். அடியிலே தங்கிய அழுக்கையும் அள்ளிக்கொண்டு வரும். கை பொறாத சூட்டில் வடித்தலாகாது.

3. கடினமான சமதரையில் நிறுத்துக. கலப்பையைத் தாழ்த்தி, எஞ்சினை நிறுத்தி, திறப்பை எடுத்துக்கொள்க. முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டைகளை அண்டைகொடுக்க.

4. எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியை முதலிலே கழற்றிப் பார்க்க. இது சிறிய செயலாயினும் தவறவிடலாகாதது. மூடி துருவேறி இறுகியிருப்பதை எண்ணெய் முழுவதையும் வடித்த பின்பு அறிந்தால், இயந்திரம் நின்ற இடத்தை விட்டு அசைய வழியில்லை.

5. 30 லீற்றரும் கொள்ளத்தக்க பாத்திரங்களை அடியில் வைக்க. பழைய சாக்கு ஒன்றை விரித்து உமியைப் பரப்பிவைத்தால் சிந்தும் எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்ளும்.

6. வடிப்புத் திருகாணியை மெல்லத் தளர்த்துக. எண்ணெயைவிட நீர் பாரமானதாகையால், இயந்திரம் ஓரிரவு நின்றிருந்தால் நீர் அடியில் தங்கியிருக்கும். இதை அறிய விரும்புவோர், இயந்திரத்தை ஓட்டிச் சூடாக்குமுன், காலையிலே திருகாணியைச் சற்றுத் தளர்த்தி முதலில் வருவதை ஒரு கண்ணாடிக் குவளையில் ஏந்திப் பார்க்கலாம்.

7. பல இயந்திரங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட வடிப்புத் திருகாணிகள் உண்டு. கைந்நூலைப் பார்த்து அனைத்தையும் திறத்தல் வேண்டும். துளி விழுவது நிற்கும்வரை பொறுத்திருக்க.

8. திருகாணிகளைத் துப்புரவாக்கி, நசுங்கிய தக்கைகளை மாற்றி, உடனேயே மீண்டும் பூட்டுக. பின்பு பூட்டலாம் என்று விட்டு, மறந்து, புதிய எண்ணெயை நிலத்தில் ஊற்றியவர் உளர்.

வடித்த எண்ணெய் உரைப்பன

தெளிந்த கருமை அல்லது பழுப்பு நிறம்: பழகிய எண்ணெய். காலம் கடந்திருந்தால் மாற்றுக.

பால் கலந்த தேநீர் போன்ற நிறம்: நீர் கலந்துள்ளது. இவ்வெண்ணெயை மீண்டும் பயன்படுத்தலாகாது.

திருகாணியில் ஒட்டிய நுண்ணிய சாம்பல்நிறப் பசை: இயல்பான தேய்வு. அஞ்ச வேண்டியதில்லை.

விரலிலே தட்டுப்படும் உருக்குச் செதில்கள், பல்லின் துண்டுகள்: பெயாரிங் அல்லது பற்சில்லு உடைந்துள்ளது. சீல் மாற்றுவதோடு நில்லாது, இயந்திரத்தைக் கராச்சில் திறந்து பார்ப்பித்தல் வேண்டும்.

சீலினை மாற்றுதல்

சில்லின் சுரைகளை, சில்லு நிலத்தில் ஊன்றி நிற்கும்போதே தளர்த்துக. பின்பு ஜாக் கொண்டு உயர்த்தி, அச்சுறையின் கீழே உறுதியான தாங்கிகளை வைக்க. ஜாக்கை மட்டும் நம்பி ஒருவரும் அருகே அமர்தலாகாது. முன்னச்சு நடுவிலே ஆடும் அமைப்புடையதாகையால், அதன் இரு பக்கங்களிலும் மேலே மர ஆப்புகளைச் செருகி ஆடாமற் செய்தல் வேண்டும். இன்றேல் பின்புறம் உயர்ந்த இயந்திரம் பக்கவாட்டிற் சரியும். பின்சில்லு பெரும் பாரமுடையது. ரயரினுள் நீர் நிரப்பியிருந்தால் இன்னும் பாரமானது. இருவராயினும் சேர்ந்தே கழற்றுக.

பிறேக் உருளையைக் கழற்றியதும், உள்ளேயுள்ள தூசியை வாயாலோ காற்றுப் பம்பியாலோ ஊதுதல் கூடாது. பழைய லைனிங்குகளிற் பல அஸ்பெஸ்ரஸ் கலந்தவை. அத்தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறிக.

அச்சுத் தண்டைப் பிடிக்கும் தகட்டின் சுரைகளைக் கழற்றித் தண்டை நேராக வெளியே இழுத்தல் வேண்டும். தண்டின் பாரம் சீலின்மீது சாய்ந்தால் மறுபடி பூட்டும்போது புதிய இதழ் கிழியும். தகட்டினிடையே மெல்லிய உலோகத் தகடுகள் காணப்பட்டால், அவற்றின் எண்ணிக்கையைக் குறித்து அவ்வாறே திரும்ப இடுக. அச்சின் ஆட்டத்தை அளவாக வைத்திருப்பவை அவையே.

உறையினுள் இருக்கும் சீலினை நெம்புமுன், அது எவ்வளவு ஆழத்தில், எப்பக்கம் நோக்கி இருக்கின்றது என்பதைக் குறித்துக்கொள்க. நெம்பும்போது துளையின் சுவரில் கீறல் விழலாகாது. புதிய சீலின் வில்லுள்ள இதழ் எண்ணெய் இருக்கும் பக்கத்தை நோக்க வேண்டும். இதழில் சிறிது எண்ணெய் பூசி, சீலின் வெளிவிட்டத்திற்கு ஏற்ற குழாய்த் துண்டையோ தட்டையான மரக்கட்டையையோ வைத்து, சுற்றிலும் சமமாக மெல்லத் தட்டி இறக்குக. சுத்தியலால் நேரே அடித்தால் வளையம் நெளியும்.

தண்டிலுள்ள துருவை மிக மெல்லிய மணற்கடதாசியால் நீக்கலாம். ஆழமான வரி விழுந்திருந்தால் உறை வளையம் ஏற்றுவித்தல் வேண்டும். சில இயந்திரங்களில் இன்னொரு சீல் பெயாரிங்கிற்கு வெளியே உண்டு. அதனை எடுக்கத் தண்டில் இறுக்கி ஏற்றப்பட்ட கழுத்து வளையத்தை நீக்க வேண்டியிருக்கும். இது அழுத்தப் பொறி உள்ள கராச்சில் செய்யத்தக்க வேலை. உளியும் சுத்தியலும் கொண்டு வீட்டில் முயலுதல் வீண் செலவையே தரும்.

எண்ணெயில் ஊறிய பிறேக் லைனிங்கைப் பெற்றோலாற் கழுவியோ தீயிற் காட்டியோ பயன்படுத்தலாம் என்று எண்ணற்க. ஊறிய எண்ணெய் சூடேறும்போது மீண்டும் வெளிவரும். இரு பக்க லைனிங்குகளையும் ஒருங்கே மாற்றுதலே முறை. ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் இயந்திரம் நேரே நில்லாது.

மீண்டும் எண்ணெய் ஊற்றுதல்

சுரைகளை எதிரெதிராகச் சமமாக இறுக்கி, சில்லைப் பூட்டி, இயந்திரத்தைச் சமதரையில் இறக்கிய பின்பே எண்ணெய் ஊற்றுதல் வேண்டும். ஊற்றும் பாத்திரமும் புனலும் மண்ணற்றவையாக இருக்கட்டும். மட்டக் குறிவரை ஊற்றியபின், எஞ்சினைச் சில நிமிடம் இயக்கித் தூக்கியை ஏற்றி இறக்குக. எண்ணெய் எல்லா அறைகளையும் சென்றடையும். மீண்டும் நிறுத்தி மட்டத்தைப் பார்த்துக் குறைவை நிரப்புக.

பின்பு பெட்டி பூட்டாத இயந்திரத்தை வெறுந்தரையில் மெதுவாக ஓட்டி, பிறேக் மிதிகளை முதலில் தனித்தனியாகவும், பின் கொளுவியும் மிதித்துப் பார்க்க. நேரே நின்றால் மட்டுமே வீதிக்குச் செல்லலாம். ஒரு நாள் வேலையின்பின் சில்லின் சுரைகளை மறுபடி இறுக்கி, பின்தகட்டின் ஓரத்தை விரலாற் தடவிப் பார்க்க. விரல் உலர்ந்திருந்தால் வேலை செவ்வையாயிற்று.

இருசக்கர உழவு இயந்திரம்

லான்ட் மாஸ்டர் என்று பொதுவாக வழங்கும் இருசக்கர இயந்திரங்களில் சில்லின் அச்சு கியர்ப் பெட்டியின் அடிப்பாகத்தில், எண்ணெய் மட்டத்திற்குக் கீழே அமைந்துள்ளது. ஆகவே இங்கே தெரிவுக்கே இடமில்லை. எண்ணெயை வடியாது சீலினைக் கழற்றினால் எண்ணெய் முழுவதும் வெளியே கொட்டும். இவ்வியந்திரங்களில் சீலினைக் கெடுக்கும் இன்னொரு பகை, அச்சிலே சுற்றிக்கொள்ளும் வைக்கோலும் புல்லும் நைலோன் நூலும் ஆகும். இவை இறுகிச் சீலின் இதழினுள் நுழைந்து அதனை அறுக்கும். அன்றாட வேலை முடிந்ததும் அவற்றை அறுத்து நீக்குதல் வேண்டும்.

கழிவு எண்ணெய்

வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ வரப்போரத்திலோ கிணற்றடியிலோ ஊற்றலாகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்திலே மேலே ஊற்றியது விரைந்து நிலத்தடி நீரைச் சென்றடையும். தோட்டத்திற்கு இறைப்பதும் வீட்டிலே குடிப்பதும் அந்நீரே. கழிவெண்ணெயை மூடியுள்ள கலனில் அடைத்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, கழிவெண்ணெய் சேகரிப்போரிடம் ஒப்படைக்க. எண்ணெய் நனைந்த உமியை மாட்டுக் கொட்டிலிலும் எருக் குவியலிலும் சேர்த்தலாகாது. கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்பே உணவைத் தொடுக.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. பின்சில்லின் உட்புறத்து எண்ணெய் ஈரம் பிறேக்கிற்கு வரும் கேட்டின் முன்னறிவிப்பு.

2. காற்றுத் துளை, எண்ணெய் மட்டம், பெயாரிங், தண்டு ஆகியவற்றைப் பாராது சீலினை மட்டும் மாற்றுதல் பயன் தராது.

3. ஊற்றும் மூடியை முதலில் திறக்க. வடிப்புத் திருகாணியைப் பின்பு திறக்க.

4. பால்நிற எண்ணெயை மீண்டும் ஊற்றற்க.

5. ஜாக்கை நம்பற்க, தாங்கியும் முன்னச்சு ஆப்பும் இன்றி வேலை தொடங்கற்க.

6. பிறேக்கைச் சோதித்துப் பாராது பெட்டியைப் பூட்டற்க.